தப்பினது எத்தனை தடவை?

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். தென்காசி அரிசி மில்லில் என் அறையில் உட்கார்ந்து, சுரண்டையிலிருந்து வந்து நின்ற நெல்வண்டிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பாய்லரில் நெருப்புப் போடும் சுடலைமுத்து வாசலில் வந்து நின்றார். வேலை நேரத்தில் பாய்லரை விட்டு அவர் நகருகிறவர் அல்ல. தலையில் கட்டும் துண்டு கையில் இருந்தது.

“என்னடே, அங்கன யாரு நிக்கா?” என்றேன்.

“மாடசாமியை நிறுத்திட்டுத்தான் வந்தேன் அண்ணாச்சி. நம்ம டிரஸ்ஸரையா போயிட்டாக. விடியக்காலம் இளைப்பு அதிகமாயிருக்கு. மூச்சு திரும்பலையாம்.”

சீட்டில் பாதி எழுதிய எழுத்து அப்படியே நின்றது. பிறகுதான் ஒன்று மனத்தில் பட்டது. அப்படிப்பட்ட செய்தியைச் சொல்ல வரும்போதும் தன் இடத்தில் ஓர் ஆளை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார் சுடலைமுத்து. அந்தப் பழக்கத்தை இந்த ஊருக்கு உண்டாக்கியவர் யாரோ, அவர்தான் அன்று விடியற்காலம் போய்விட்டார்.

வேதமுத்து அவர்களைத் தென்காசியிலும் குற்றாலத்திலும் தெரியாதவர்கள் குறைவு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் என்றால் புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போடுகிறவர். டாக்டருக்குக் கிடைக்கும் மாலை டிரஸ்ஸருக்குக் கிடைப்பதில்லை. கிடைப்பது சீழும் அலறலும்தான். வேதமுத்து அவர்கள் இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையைப் பார்த்தார்கள். மெலிந்த உடம்பு, காக்கிக் கோட்டு, கக்கத்தில் குடை. தெருவில் அவர்கள் போன பிறகும் ஐயோடின் வாசனை கொஞ்ச நேரம் நிற்கும்.

இந்தக் கதைக்கு ஆரம்பம் தென்காசி அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஊரில், இருமல் மருந்தும் புண் கழுவும் கார்பாலிக் திராவகமும் ஒரே மாதிரி பாட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தனவாம். கூட்டத்தில் கை மாறிப் போய், கிளாசில் ஊற்றி நீட்டியும் விட்டார்களாம். வாங்கிய பெரியவர் மோந்து பார்த்துவிட்டு, “என்னய்யா, இது கக்கூஸ் கழுவுத வாடையால்லா அடிக்கு” என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். யாரும் பார்க்கவில்லை. பெரியவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேறு யாராக இருந்தாலும் கிளாசைக் கழுவி வைத்துவிட்டுச் சாமி கும்பிட்டிருப்பார்கள். வேதமுத்து அவர்கள் நேரே டாக்டரிடம் போய், “நான் இன்னைக்கு ஒருத்தரைக் கொல்லப் பார்த்தேன்” என்று சொன்னார்கள். பிறகு ஒரு துணியைக் கிழித்துக் கார்பாலிக் பாட்டிலின் கழுத்தில் இறுக்கி முடிந்தார்கள். கண் பார்க்கத் தவறினாலும் விரல் தவறாது அல்லவா? அவர்கள் கட்டிய முதல் வெள்ளைத் துணி அதுதான். இதை யாரிடமும் மறைத்ததில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதலில் சொல்லும் கதையே இதுதான்.

எனக்கும் அவர்களுக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு கையால். எங்கள் மில்லில் நெல் தூக்கும் செல்லையாவின் சட்டைக் கையை எந்திரப் பட்டை இழுத்துவிட்டது. எலும்பு முறிந்தது. நான்தான் வண்டியில் போட்டுக் கொண்டுபோனேன். எல்லோரும் “எப்படி நடந்தது?” என்று கேட்டோம். வேதமுத்து அவர்கள் மட்டும் கட்டுப் போட்டுக்கொண்டே வேறு ஒன்று கேட்டார்கள்.

“இதுக்கு முன்னாடி எத்தனை தடவை தப்பினே?”

செல்லையா என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். நான் வெற்றிலை துப்ப வெளியே போனேன். திரும்பி வரும்போது காதில் விழுந்தது: “நாலு தடவை ஐயா. ரெண்டு தடவை சட்டை கிழிஞ்சுது. ஒரு தடவை துண்டு போச்சு. ஒரு தடவை சும்மா காத்து பட்டாப்பில இருந்துச்சு.”

மறுநாள் குடையோடு மில்லுக்கு வந்துவிட்டார்கள். பட்டை ஓடும் இடத்தில் நின்று பார்த்தார்கள். நான் உள்ளே ஒரு மாதிரி கொதித்தேன். ஆஸ்பத்திரிக்காரருக்கு அரிசி மில்லில் என்ன ஜோலி?

“அண்ணாச்சி,” என்றார்கள். “கை போனாத்தான் தப்புங்கோம். தப்பிச்சு வந்துட்டா அதிர்ஷ்டம்னு சொல்லிட்டுக் காப்பி குடிக்கப் போயிருதோம். தப்பினதும் தப்புதான் அண்ணாச்சி, அந்தச் சொல்லுலயே இருக்கு. செல்லையா கையில நேத்து போட்ட கட்டை, அவன் முத தடவை தப்பினப்பவே இந்த எடத்துக்குப் போட்டிருக்கணும்.”

சொல்லிவிட்டுக் கோட்டுப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பட்டைக்குப் பக்கத்துத் தூணில் கட்டினார்கள். தட்டையான, இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தூண் பக்கம் போகும் ஆட்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். பத்து நாளில் நானே ஒரு மரத்தடுப்பு அடிக்கச் சொன்னேன்.

இப்படித்தான் அந்த வழக்கம் ஊரில் பரவியது. எங்கே ஒருவன் மயிரிழையில் தப்பினானோ அங்கே ஒரு வெள்ளைத் துணி. கட்டினது யார் என்று கேட்கக் கூடாது. எதில் கட்டியிருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். சரி செய்யாமல் அவிழ்க்கக் கூடாது. “புண்ணு ஆறாம கட்டைப் பிரிப்பீகளா?” என்பார்கள் வேதமுத்து அவர்கள். மரக்கடை ஆட்கள் வாள் ஓடும் மேசையில் கட்டினார்கள். காப்பிக் கடையில் எண்ணெய்ச் சட்டி வைக்கும் ஆடும் கல்லில் கட்டினார்கள். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரி அடுப்பைப் பின்னால் சுமந்துகொண்டு ஓடியபோது, அந்த அடுப்பு மூடியில் கட்டாத பஸ்ஸே இல்லை. மூடியைச் சட்டென்று திறந்தால் தீ நாக்கு முகத்துக்கு வரும். பெண்கள் கிணற்று ராட்டினத்தில் கட்டினார்கள். கோவில்பட்டியிலிருந்து வந்த சம்பந்தி ஒருவர், “இந்த ஊர்ல என்ன, எதைப் பார்த்தாலும் அடிபட்டுக் கெடக்கு?” என்று கேட்டாராம்.

கேலிக்கும் குறைவில்லை. கல்யாணப் பந்தலுக்குள் வந்தால் வேதமுத்து அவர்கள் மாப்பிள்ளையைப் பார்க்குமுன் பந்தல் காலை ஆட்டிப் பார்ப்பார்கள். சாப்பிட உட்கார்ந்தால் தலைக்கு மேல் தொங்கும் காஸ்லைட்டைப் பார்த்து இலையை நகர்த்திப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாடகர் பெஞ்சின் கால் ஆடுகிறது என்று துணி கட்டிவிட்டு, பாதிரியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. சில நேரம் அவர்களோடு நடப்பதே தொல்லைதான். ஆனால் அவர்கள் குரலை உயர்த்தி நான் பார்த்தது ஒரே ஒரு நாள். யாரோ பெரிய மனிதர் பார்க்க வருகிறார் என்று மரக்கடைக்காரர் மேசைத் துணியை அவிழ்த்துவிட்டார். அன்றைக்கே செங்கோட்டையிலிருந்து வந்து அறுக்கும் ஒருவருக்கு இரண்டு விரல் போயிற்று. வேதமுத்து அவர்கள் அந்த விரல்களை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கடைக்காரர் மேசையில் வைத்து, “அழகா இருக்கா பாரும்!” என்று கத்தினார்கள்.

இனி நான் சொல்ல வேண்டியது என்னைப் பற்றியது. அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

பாய்லரின் மேல் ஒரு வால்வு உண்டு. உள்ளே ஆவி அளவு மீறினால் தானே திறந்து வெளியே விட்டுவிடும். அதன் தண்டின் நுனியில் இவ்வளவு எடைதான் தொங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு வருஷம் வீரகேரளம்புதூர்ப் பக்கம் நல்ல விளைச்சல். நெல்வண்டி தெருமுனை வரை நின்றது. அவிக்க ஆவி போதவில்லை. முதலாளி தினமும் ஆளனுப்பி, “இன்னும் முடியலையா?” என்று கேட்டார். நான் மூட்டை அடுக்கும் கிட்டங்கியிலிருந்து இரண்டு வீசை எடைக்கல் ஒன்றை எடுத்துவரச் சொல்லி அந்தத் தண்டில் தொங்கவிட்டேன். வால்வு திறப்பது நின்றது. ஆவி ஏறியது, நெல் அவிப்பதும் வேகமாக நடந்தது. பாய்லர் சோதிக்க அதிகாரி வரும் நாளில் கல்லைக் கழற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிடுவோம். அவரும் தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

ஒருநாள் ஆவிக் குழாய் இணைப்புப் பிய்த்துக்கொண்டது. சுடலைமுத்து நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஆவி சீறி அடித்துச் சுவரின் காரை பெயர்ந்து விழுந்தது. அவர் அப்போதுதான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். “யாரும் வெளியே மூச்சு விடக்கூடாது” என்றேன். குழாயை மாற்றினோம். கல் அப்படியே தொங்கியது.

மறுநாள் காலை மில்லுக்குள் நுழைகிறேன், அந்தக் கல்லில் வெள்ளைத் துணி. அதே தட்டை முடிச்சு. வேலைக்கு வந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார்கள். பேனாக்கத்தியால் அதை அறுத்து எறிந்தேன். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி யார் என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோபத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“கட்டினது யாரு? உமக்குத் தெரியும். சொல்லும்.”

“நான் கேக்கலை அண்ணாச்சி. கேட்டிருந்தா இந்த ஊர்ல ஒருத்தன்கூட எங்கிட்ட வாய் திறந்திருக்க மாட்டான்.”

“என் மில்லுல என் ஆளு எனக்குத் தெரியாம...”

“அண்ணாச்சி, அந்தக் கல்லை எடுத்துருங்க. பாக்கியை அப்புறம் பேசுவோம்.”

கல்லை நான் எடுக்கவில்லை. வேறொன்று செய்தேன். பெரிய டாக்டருக்கு ஒரு மனு எழுதினேன். டிரஸ்ஸர் வேதமுத்து மில் மில்லாகப் போய்த் தொழிலாளர்களைத் தூண்டிவிடுகிறார், ஆஸ்பத்திரித் துணியைக் கண்ட இடத்தில் கட்டி வீணாக்குகிறார் என்று. கீழே கையெழுத்துப் போடவில்லை. மொட்டை மனு. துணி கட்டியவன் பெயரைச் சொல்லவில்லை என்று குதித்தவன், என் பெயரை மறைத்து எழுதினேன். இதை இன்றுவரை என் வீட்டிலும் சொன்னதில்லை.

மனு வேலை செய்தது. சீசன் மாதங்களில் குற்றாலத்து அருவிக்கரை முதலுதவிக் கொட்டகைக்கு அவர்களை மாற்றினார்கள். குற்றாலத்துக்குப் போவது தண்டனையா என்று கேட்பீர்கள். குளித்துவிட்டுத் திரும்புகிறவனுக்கு இல்லை. நெஞ்சிளைப்பு உள்ளவர் நாள் முழுக்கச் சாரலில், ஓலைக் கொட்டகையில், நனைந்த கோட்டோடு நிற்பது என்னவென்று எனக்குத் தெரிந்தே இருந்தது. அவர்களுக்கு இளைப்பு உண்டென்று ஊருக்கே தெரியும்.

அந்த ஆனி மாதம் குடும்பத்தோடு குற்றாலம் போனேன். பேரருவிக்கு இறங்கும் வழுக்குப் பாறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கும். என் மகள் முன்னால் போய் ஒரு கம்பியைப் பிடிக்கப் போனாள். குளித்துவிட்டு ஏறி வந்த ஓர் அம்மாள் சத்தம் போட்டாள்.

“ஏட்டி, அதைப் பிடிக்காத! வெள்ளை கெட்டியிருக்கு, தெரியலையா?”

பார்த்தேன். நனைந்து கம்பியோடு ஒட்டிக் கிடந்தது துணி. மகள் கையை இழுத்துக்கொண்டு அடுத்த கம்பிக்குப் போனாள். எனக்கு எரிச்சல். இங்கேயும் வந்துவிட்டாரா மனிதர்! “இரும்புக்குக் கூடவா கட்டு?” என்று அந்தக் கம்பியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினேன். கம்பி அடியோடு கையில் வந்தது. கால் வழுக்கியது. எண்ணெய் தேய்க்கும் ஆள் ஒருவர் என் இடுப்பு வேட்டியைக் கொத்தாகப் பிடித்திராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

முழங்கால் கிழிந்து கொட்டகைக்குப் போனேன். வேதமுத்து அவர்கள் ஒன்றும் நடக்காததுபோல வரவேற்றார்கள். மூச்சு சீழ்க்கை அடித்தது. புண்ணைக் கழுவினார்கள். ஐயோடின் வைத்தார்கள். பிறகு கேட்டார்கள்.

“இதுக்கு முன்னாடி எத்தனை தடவை தப்பினீக?”

“குத்தாலத்துல இதுதான் முதல் தடவை” என்று சிரித்தேன்.

“குத்தாலத்தைக் கேக்கலை அண்ணாச்சி. மில்லுல.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஏனோ அன்று பொய் வரவில்லை. குழாய் பிய்ந்ததைச் சொன்னேன். அதற்கப்புறம் ஆவியளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி இரண்டு தடவை நின்றதையும் சொன்னேன். “மூணு தடவை” என்றேன்.

“கல்லு இப்போ எங்கன இருக்கு?”

“தொங்குது.”

“பாய்லர் முன்னாடி இப்போ யாரு நிக்கா?”

“சுடலைமுத்து.”

கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டார்கள். “நான் இந்த எடத்தை விட்டு வரமுடியாது. நீங்க போங்க. போனதும் முதல்ல கல்லுல கை வைக்காதீக. நெருப்பை வெளிய இழுக்கச் சொல்லுங்க. ஆளுகளைப் பின்னால போகச் சொல்லுங்க. முள்ளு எறங்கின பொறவு கல்லை எடுங்க. ஓடுங்க அண்ணாச்சி!”

மனைவி மகளை அங்கேயே விட்டுவிட்டு ஈரவேட்டியோடு ஜட்கா பிடித்தேன். மூன்று மைல். வழியெல்லாம் மில் புகைக்குழாய் எப்போது தெரியும் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அது தெரிந்தபோது, நின்றுகொண்டிருக்கிறதே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். உள்ளே ஓடினால் முள் சிவப்புக் கோட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. சுடலைமுத்து இன்னொரு மண்வெட்டி உமி போடக் கையை ஓங்கியிருந்தார். “போடாதடே! நெருப்பை இழு!” என்று கத்தினேன். வேதமுத்து அவர்கள் சொன்ன வரிசையிலேயே எல்லாம் செய்தோம். அந்தக் கால் மணி நேரம் என் ஆயுசில் நீளமான கால் மணி நேரம். கடைசியில் நானே ஏறிக் கல்லைக் கழற்றினேன். வால்வு திறந்து ஆவி ஊளையிட்டது. தெருவில் ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. சுடலைமுத்து தரையில் உட்கார்ந்து, “அண்ணாச்சி, எனக்கு நாலு பிள்ளைய” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பாய்லர் ஆறிய பின் எந்திரம் பழுது பார்க்கும் பிட்டர் வந்து பார்த்தார். தகடு சேரும் இடத்தில் மயிரிழையாக ஒரு விரிசல். இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்தேன், போகவில்லை.

பிறகு வேதமுத்து அவர்களுக்கும் எனக்கும் உண்டான சிநேகத்தை ஊர் அறியும். ஆனால் மனுவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று நாலைந்து தடவை கொட்டகை வரை போய், காப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன். வருஷா வருஷம் சாரல் வந்தது. வருஷா வருஷம் அவர்களும் கொட்டகைக்குப் போனார்கள். இளைப்பு முற்றியது. மாற்றல் கேளுங்கள் என்றால், “அருவிக்கரையில துணி கெட்டப் பழகிட்டாங்க, இப்பப் போயி விட்டுட்டு வரச் சொல்லுதீகளே” என்பார்கள்.

புதன்கிழமை அடக்கம். மரக்கடை, மில், பஸ், காப்பிக் கடை எல்லா இடத்திலிருந்தும் வந்திருந்தார்கள். திரண்ட கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவர்களால் தாங்கள் பிழைத்திருப்பது தெரியாது. நடக்காமல் போனதை யார் எண்ணி வைப்பது? பெட்டியைத் தூக்கிய கைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். செல்லையாவின் கோணிய கை இருந்தது. சுடலைமுத்தின் இரண்டு கைகளும் இருந்தன. அன்று அந்தக் கல்லில் துணி கட்டிய கையும் அதில் இருந்திருக்க வேண்டும். யாருடையது என்று எனக்கு இன்றும் தெரியாது.

மறுநாள் வீட்டுக்குப் போனேன். அவர்கள் மனைவி ஞானம்மாள் அக்கா பழைய வேட்டித் துணிச் சுருள்களை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“ஆஸ்பத்திரித் துணின்னு எவரோ எழுதிப் போட்டாகளாம். ஒரு முழங்கூட எடுத்ததில்ல தம்பி. எல்லாம் அவுக வேட்டி, என் சேலை. நாந்தான் கிழிச்சுக் குடுப்பேன்.”

நான் ஒரு சுருளை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

“டாக்டரையா அந்த மனுவைக் காட்டினாகளாம். ‘அது யாரு எழுத்துன்னு எனக்குத் தெரியும்’னு வீட்ல வந்து சொன்னாக. யாருன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டாக. ‘பேர் கேக்கப்படாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, எனக்குன்னு வந்ததும் மாத்தவா? எழுதினவரு எதுக்கோ பயந்திருக்காரு. அந்தப் பயம் எங்கன இருக்குன்னு பாக்கணும் ஞானம்’னாக.”

காயம்பட்ட ஆட்களோடு மில்லிலிருந்து நான் எழுதி அனுப்பிய சீட்டுகள் எத்தனை அவர்கள் கைக்குப் போயிருக்கும்! அருவிக்கரையில் என் முழங்காலைக் கழுவும்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் மில்லைக் கேட்டிருக்கிறார்கள்.

அக்காவிடம் ஒரு துணி வாங்கி வந்தேன். எதற்கென்று அவர்கள் கேட்கவில்லை; அந்த வீட்டில் கேட்கும் வழக்கம் இல்லை. அந்த மனுவை எழுதிய பேனா இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் கழுத்தில் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முடிச்சு விரலில் உறுத்துகிறது. இதைப் படித்துவிட்டு ஞானம்மாள் அக்கா அவிழ்க்கச் சொன்னால் அவிழ்ப்பேன்.

வேதமுத்து ஐயா, நீங்கள் யார் பெயரையும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்கிறேன். எழுதியவன் மில் மானேஜர் சங்கரலிங்கம். போய் வாருங்கள்.